எஸ்தரோடு பேசிய தெரு

1

போன வாரம் என் மகள் லேயா படிக்கும் கிண்டர்கார்ட்டனிலிருந்து ஒரு போன் வந்தது. கொஞ்சம் பேச வேண்டும், வர முடியுமா என்று இரண்டே வாக்கியம். ஜெர்மனியில் பிள்ளை விஷயமாக இரண்டு வாக்கியத்தில் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நீளமாகச் சொன்னால் பயமில்லை. தலையில் பேன் பாருங்கள், மழைக்கோட்டில் பெயர் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை கேக் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் இருக்கும்.

வரச் சொன்ன நேரத்திலேயே நான் சொதப்பினேன். இந்த ஊர்க்காரர்கள் இரண்டரை மணியை 'பாதி மூன்று' என்பார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து எட்டு வருடமாகிறது. என் தலைக்குள் அது இன்னமும் மூன்றரையாகத்தான் விழுகிறது. மூச்சிரைக்கப் போய் நின்றால், ஆசிரியை வேபர் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, லேயாவோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். இந்தியாவில் விடுமுறை முடிந்து வந்த நாளிலிருந்து லேயா சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் போய் நின்று, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்கிறாள், 'ஷ்' என்கிறாள். சத்தம் கேட்ட பிள்ளை ஒரு காய்ந்த கொட்டையை எடுத்துக் கோப்பையில் போட வேண்டும். போதாக்குறைக்கு, யாராவது பொம்மை கேட்டால் சும்மா கொடுப்பதில்லை. முதலில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்கிறாள். பிள்ளை திரும்பிப் பார்க்கும்வரை நிற்கிறாள். பொம்மையின் பெயரைச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டுகிறாள்.

"இது உங்கள் மத வழக்கமா?" என்று வேபர் அம்மா மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"இல்லை. எங்கள் ஊரில் ஒரு தெரு இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். தெருவுக்கு ஜெர்மன் சொல் தெரியும். அதற்கு மேல் தெரியவில்லை. கல் அறுக்கும் மிஷினுக்கு என்ன சொல்வது? மேஸ்திரி என்றால் யார் என்று எங்கிருந்து தொடங்குவது? நான் திக்குவதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட வேபர் அம்மா, தன் படிவத்தில் 'மொழி விளையாட்டுகளில் ஆர்வம் உண்டு' என்று எழுதி என் பிரச்சினையை முடித்து வைத்தார். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்காவது மேஸ்திரியை விளக்க வேண்டியதில்லை.

2

என் தங்கை ஷீலாவை, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்தோம். கடல் கொஞ்ச தூரம்தான், ஆனால் அலைச் சத்தம் அந்தத் தெருவில் யாருக்கும் கேட்டதில்லை. தெரு நெடுக சிற்பப் பட்டறைகள். பாதி முடிந்த பிள்ளையார்கள், தும்பிக்கை இல்லாத யானைகள், வெளிநாடு போகக் காத்திருக்கும் புத்தர்கள். காலையிலிருந்து இருட்டும்வரை கட்டிங் மிஷின், கிரைண்டர். போனில் ஷீலாவோடு பேசினால் அவளுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும்.

ஷீலாவின் மகள் எஸ்தர். லேயாவைவிடச் சில மாதங்கள் சின்னவள். இருவரும் கைக்குழந்தைகளாக இருந்த காலத்தில், நானும் ஷீலாவும் போனில் பிள்ளை வளர்ப்புப் போட்டியே நடத்திக்கொண்டிருந்தோம். லேயா ஒரு கதவைச் சாத்தினால் அலறி எழுந்துவிடுவாள். ஷீலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

"எம்மாஞ் சமத்து தெரியுமாண்ணா? கிறிஸ்மஸுக்கு வாசல்ல சரவெடி வெடிக்குது, இது பாட்டுக்குத் தூங்கிகினு கீது" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வேறு தெருவாக இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தெருவில் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளும் கிரைண்டர் சத்தத்தில் தூங்கித்தான் வளர்கிறார்கள். திடுக்கிடாத பிள்ளையைப் பார்த்தால் 'கல்லுத் தெருப் புள்ள, அப்டித்தான் இருக்கும்' என்பார்கள். பெருமையாகவே சொல்வார்கள். ஒன்றரை வயது தாண்டியும் எஸ்தர் ஒரு வார்த்தை பேசாதபோதுதான் ஷீலாவுக்குச் சந்தேகம் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு காதுமே பிறவியிலிருந்து கேட்கவில்லை என்றார்கள்.

அரசு காப்பீட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே ஒரு கருவி, வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. சில வாரம் கழித்து மிஷினை ஓட விட்டார்கள். அன்றைக்கு எஸ்தர் சிரிப்பாள், அம்மா என்பாள் என்றெல்லாம் நினைத்து ஷீலா புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எஸ்தர் பயந்துபோய் வீறிட்டு அழுது மிஷினைப் பிடுங்கி எறிந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஷீலாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். "மிஷின் சத்தத்தை மட்டும்தாங்க கொடுக்கும். பேச்சை நீங்கதான் கொடுக்கணும். நாள் பூரா யாராவது பேசிட்டே இருக்கணும். சத்தம் இல்லாத இடமா இருக்கணும். அஞ்சு வயசுக்குள்ள காது பழகலைன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

நாள் பூரா யார் பேசுவது? ஷீலா கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறைகள் சுத்தம் செய்கிறாள். அவள் கணவன் மகேந்திரன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். சத்தம் இல்லாத இடம் என்றால் அதற்கு அந்தத் தெருவை விட்டே போக வேண்டும். அன்று போனில் ஷீலா அழவில்லை. "அது என்னை அம்மான்னு கூப்டுமாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். கூப்பிடும் என்றேன். ஒன்றும் தெரியாமல்தான் சொன்னேன்.

3

வெளிநாட்டு அண்ணன் என்ன செய்வான்? ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினேன். அதில் தமிழ்க் கதைகள், பாட்டுகள், பேசும் யானை, பேசும் கிளி எல்லாம் ஏற்றியிருந்தேன். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பேசும், ஆனா பாப்பா பதில் சொல்றவரைக்கும் காத்திருக்காதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இப்போது அதில் மகேந்திரன் கிரிக்கெட் பார்க்கிறான்.

எஸ்தர் அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்தாள். சுமதி டீச்சர் அவளைச் சேர்க்கும்போது, "எனக்கு இந்த மிஷினப் பத்தி ஒண்ணுமே தெரியாது ஷீலா, பயமா கீது" என்று சொல்லித்தான் சேர்த்தார். ஆனால் ஒரு நாள் லீவு போட்டு, ஷீலாவோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய், பயிற்சி நடக்கும்போது கூடவே உட்கார்ந்து பார்த்தார். அங்கே பாசி மணியும் டப்பாவும் வைத்து ஒரு விளையாட்டு. பின்னாலிருந்து வாயை மூடிக்கொண்டு ஒரு சத்தம் கொடுப்பார்கள், கேட்டால் மணியை டப்பாவில் போட வேண்டும். வாயை ஏன் மூட வேண்டுமென்றால், பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது, காதால் கேட்க வேண்டும். திரும்பி வந்ததும் டீச்சர் புளியங்கொட்டையும் டம்ளரும் வைத்து அதே விளையாட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆக்கினார். எஸ்தரை மட்டும் தனியாக உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

தெருவுக்கும் செய்தி பரவியது. பரவியதும் தெரு செய்த முதல் காரியம், கத்த ஆரம்பித்தது. காது கேட்காத பிள்ளை என்றால் கத்தித்தானே பேச வேண்டும்! இட்லிக்கடை சரசு அக்கா எஸ்தரின் காதருகே குனிந்து "இட்லீ!" என்று போட்ட சத்தத்தில், குழந்தை மிஷினைக் கழற்றி இட்லிப் பானை பக்கமாக எறிந்ததாம். டீக்கடை பாஷா பாய், பட்டறைப் பையன்கள், எதிர்வீட்டுக்காரர்கள், எல்லாரும் பாசத்தோடு கத்தினார்கள். ஷீலா வீடு வீடாகப் போய், "கத்தாதீங்க, கிட்ட வந்து சாதாரணமா பேசுங்க, கையில எது குடுத்தாலும் பேர் சொல்லிக் குடுங்க, அது திரும்பற வரைக்கும் நில்லுங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. சாதாரணமாகப் பேசுவது அந்தத் தெருவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. கிரைண்டரோடு போட்டி போட்டுப் பேசிப் பேசியே வளர்ந்த தொண்டைகள் அவை.

அங்குதான் முட்டுக்கட்டை. அங்கன்வாடிக்கும் பெரிய பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர். மிஷின் ஓடினால் டீச்சர் எவ்வளவு சொன்னாலும் எஸ்தர் காதில் சொல் விழாது. நமக்கெல்லாம் மூளை இரைச்சலைத் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவளுடைய மிஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஷீலா பட்டறை மேஸ்திரி ஏகாம்பரத்திடம் போய், காலையில் கொஞ்ச நேரமாவது மிஷினை நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

"இன்னாம்மா பேசற? கல்லு அறுக்காம நான் இன்னா, பாட்டுப் பாடிகினு உக்காருறதா? ஆர்டர் நிக்குது" என்று அவர் எரிந்து விழுந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஷீலா திரும்பி வந்துவிட்டாள்.

சில நாள் கழித்து ஏகாம்பரம் தன் பேரனைக் கூப்பிட அங்கன்வாடிக்குப் போயிருக்கிறார். அப்போது புளியங்கொட்டை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அவருடைய பட்டறை மிஷின்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் டம்ளரில் கொட்டையைப் போடுகிறார்கள். எஸ்தர் மட்டும் கொட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டம்ளரையே பார்த்தபடி, கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் மறுபடி மறுபடி சொல்கிறார். அவள் அசையவில்லை. திடீரென்று கரண்ட் போனது. மிஷின் நின்றது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு மெதுவாக "ம்" என்றார். டிங் என்று டம்ளரில் கொட்டை விழுந்தது.

ஏகாம்பரம் பேரனைத் தூக்கிக்கொண்டு போனார் என்று டீச்சர் சொன்னார். மறுநாளிலிருந்து பட்டறையில் வேலை முறையே மாறிவிட்டது. காலையில் கோடு போடுவது, கையால் தேய்ப்பது, தண்ணீர் விட்டு மெருகேற்றுவது. கூடிப்போனால் பின்கட்டில் உளி. அறுப்பதும் அரைப்பதும், மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு. அந்த நேரத்தில் எஸ்தரும் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம்தானே தாலாட்டு. பெரிய பட்டறை நிறுத்தியதும் பக்கத்துப் பட்டறை, அதற்கு அடுத்தது. யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை.

எஸ்தரின் முதல் வார்த்தை வந்தபோது ஷீலா எனக்கு வீடியோ கால் செய்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்து அவள் சொன்னது புரியவே நேரமாயிற்று. முதல் வார்த்தை அம்மா இல்லை. 'டீ'. தினம் காலையில் பாஷா பாய் சொல்லும் அதே இழுப்போடு.

"பெத்தது நானு, மொத வார்த்த டீக்கடைக்காருக்கு!" என்றாள் ஷீலா. அம்மா என்பது அப்புறம் ஒரு மாதம் கழித்து வந்தது. ஷீலா அதைச் சொன்ன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்குப் போகிற ரயிலில் எல்லாரும் அவரவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

4

இங்கே அமைதிக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒருமுறை ஞாயிறு மதியம் என் மனைவி கிரேஸ் தோசைக்கு அரைத்துவிட்டாள். மறுநாள் எங்கள் கதவில் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுகிறாள். இந்த அமைதியில் லேயா வளர்ந்தாள். படுசுத்தமான ஜெர்மன் பேசுகிறாள். எங்கள் உச்சரிப்பைத் திருத்துகிறாள். நானும் கிரேஸும் எங்களுக்குள் தமிழ் பேசுவோம். அவளிடம், அவசரத்துக்கு எது சீக்கிரம் புரியுமோ அது, அதாவது ஜெர்மன். வேலை முடிந்து வந்து, சட்டையைப் போடு, பல்லைத் தேய், படு என்று சொல்லவே நேரம் சரியாக இருக்கும்போது, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இப்படி மாறிய அந்தத் தெருவைப் போன கிறிஸ்துமஸுக்குத்தான் நேரில் போய்ப் பார்த்தேன். முதல் நாள் காலை, எஸ்தரை அங்கன்வாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். லேயா என் இன்னொரு கையில்.

வீட்டை விட்டு இறங்கியதுமே எனக்கு ஏதோ ஒன்று வித்தியாசமாகப் பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. கொடிக்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கா கத்துவது கேட்டது. அந்தத் தெருவில் காக்கா சத்தம் கேட்கிறது! பட்டறைகளில் ஆள் நிறைய இருந்தார்கள். குந்தி உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் காவிக் கட்டியால் பெரிய பாறையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருவர், விஷயம் தெரியாமல் கிரைண்டரை ஆன் செய்தார். நாலா பக்கமிருந்தும் கைகள் பறந்தன. யாரும் கத்தவில்லை. கத்தக் கூடாதே! ஊமைப் படம்போல் எல்லாரும் கையை ஆட்ட, அந்த மனிதர் ஷாக் அடித்ததுபோல் சுவிட்சை அணைத்தார்.

இட்லிக்கடையில் சரசு அக்கா, எஸ்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் நேரமாகப் பார்த்து, சாதாரணக் குரலில் "எஸ்தரு" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கரண்டி கையில் அப்படியே நின்றது. பின்னால் நின்றவர்களும் காத்திருந்தார்கள். வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டிய ஆட்கள், ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. எஸ்தர் திரும்பினாள்.

"இன்னா சட்னி?"

"காரச் சட்னி. நெறையா."

"நெறையா வெச்சா உங்கம்மா என்னை உதைக்கும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா நிறைய வைத்தார்.

டீக்கடையில் பாஷா பாய் கண்ணாடி டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, உன் தொப்பை பெரிசாம்" என்று எனக்கு மொழிபெயர்த்தாள்.

நடக்க நடக்க எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளையின் பேச்சு ஒரு குரலில் இல்லை. 'வா' என்பதைச் சரசு அக்கா மாதிரி இழுக்கிறாள். 'இன்னா' என்று கேட்கும்போது மேஸ்திரியின் முறைப்பு அப்படியே வருகிறது. 'மெதுவா' என்பது சுமதி டீச்சருடையது. ஷீலாவைக் கேட்டால், ஒவ்வொரு வார்த்தையும் யார் கொடுத்தது என்று சொல்லிவிடுவாள். நம் எல்லாருக்குமே பேச்சு இப்படித்தான் வந்திருக்கும், யார் கொடுத்தது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டோம். இங்கே கொடுத்த கைகள் கண்ணெதிரே தெரிந்தன. நடுத்தெருவில் நின்று அவரவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தெரு ஒன்றும் திடீரென்று புனிதமாகிவிடவில்லை. அதே காலை குழாயடியில் ஒரு குடம் விஷயமாக இரண்டு பேர் ஏழு தலைமுறையை இழுத்துச் சண்டை போட்டார்கள். சண்டையும் கொஞ்சம் மெதுவான குரலில்தான் நடந்தது என்பது வேறு விஷயம். சங்குக் கடைக்காரர் ஒருவர், "ஒரு புள்ளைக்கோசரம் ஊரே வாய மூடிகினு இருக்கணுமா, நல்லா கீது நாயம்" என்று என்னிடமே குறைப்பட்டார். புலம்பிக்கொண்டே எஸ்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பும்வரை நின்று, "சங்கு" என்று சொல்லி ஒரு குட்டிச் சங்கை அவள் கையில் வைத்தார்.

எங்கள் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், இந்த மாதிரித் தெருக்களில் எங்கள் ஆட்கள் கூலி வேலைக்கு நடந்து போனால் 'யாருது அது' என்று ஒரு குரல் வரும். யார் என்று தெரிந்துகொள்ள அல்ல, போகச் சொல்ல. அவருடைய பேத்தி நடக்கும்போது அதே மாதிரித் தெரு ஒன்று வேலையை நிறுத்திவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பும்வரை காத்திருக்கிறது. இதை அப்பாவுக்குப் போனில் சொன்னேன். ரயில்வேயில் ஓய்வு பெற்று செங்கல்பட்டிலேயே இருக்கிறார். "ம்" என்றார்.

மேஸ்திரியிடம், உங்கள் ஆர்டர் எல்லாம் தாமதமாகுமே என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன், கேள்வியாக வந்துவிட்டது.

"ஆவுது. அதுக்கு இன்னா பண்றது?" என்றார். "கல்லு எங்க ஓடிப்பூடும்? நாளைக்கும் இங்கியேதான் கீது. புள்ளைக்கு வயசு நிக்குமா சொல்லு?"

பேசிக்கொண்டே லேயாவைப் பார்த்து, "உம் பேரு இன்னா பாப்பா?" என்று கேட்டார். லேயா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜெர்மனில் அவளிடம் சொன்னேன். அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். நான் அதைத் தமிழில் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

5

இரண்டு பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டார்கள். எஸ்தர் ஓயாமல் பேசினாள், லேயா தலையை ஆட்டினாள், நடுநடுவே ஜெர்மனில் ஏதாவது சொன்னாள். எஸ்தர் அதைக் காதைச் சாய்த்துக் கேட்பாள். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பாள். புளியங்கொட்டை விளையாட்டில் லேயாவைச் சேர்த்துக்கொண்டாள். அதில் லேயாவுக்குக் கஷ்டமில்லை. 'ம்' எல்லா ஊரிலும் 'ம்'தானே.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். அங்கன்வாடி விட்டாயிற்று, பட்டறைகளில் மிஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வாசல்படியில் லேயாவை உட்கார வைத்து, எஸ்தர் அவள் முடியை ஒதுக்கி எதையோ தேடினாள். வலது காதுக்குப் பின்னால் பார்த்தாள். சுற்றி வந்து இடது காதுக்குப் பின்னால் பார்த்தாள். தலையில் கையை வைத்துத் தடவினாள். பேன் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"மாமா, இவளோட மிஷின் எங்க?" என்றாள். அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று காதருகே குனிந்து சொன்னேன்.

"அவளுக்கு மிஷின் வேணாம்டா. அவளுக்குக் காது நல்லா கேக்கும்."

எஸ்தர் என்னை நம்பாமல் பார்த்தாள். "கேக்குதுன்னா ஏன் நம்மள மாதிரி பேச மாட்டேங்கறா?"

அவள் வேறு பாஷை பேசுகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாஷை என்றால் என்ன என்று இவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள், அவளே விடை கண்டுபிடித்துவிட்டாள். அவள் முகம் வாடிப்போனது. லேயாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"இவகிட்ட யாரும் பேசலியா மாமா?"

குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பசிக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் லேயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பெரிய பட்டறை வாசலில் போய் நின்று, அந்த இரைச்சலில், தன் முழுத் தொண்டையையும் திறந்து கத்தினாள்.

"மேஸ்திரீ! மிஷின நிறுத்து!"

ஏகாம்பரம் நிமிர்ந்து, முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கினார். மிஷினை அணைத்தார். "இன்னாடி இப்ப? அதான் பால்வாடி வுட்டாச்சே?"

"இந்தப் பாப்பாகிட்ட யாருமே பேசல மேஸ்திரி. இப்ப பேசணும்."

மேஸ்திரி லேயாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேலியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லியிருந்தால் சிரித்துத் தப்பித்திருப்பேன். அவர் தெருப்பக்கம் திரும்பி, "நிறுத்துங்கப்பா" என்றார். பக்கத்துப் பட்டறையில் மிஷின் நின்றது. அதற்கு அடுத்ததில் நின்றது. ஒவ்வொன்றாகத் தெருமுனைவரை நின்றது. தூசி மெல்ல இறங்கியது. சரசு அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். பாஷா பாய் அடுப்பைத் தணித்தார்.

எஸ்தர் லேயாவை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "பேசு மாமா" என்றாள்.

லேயா என்னை அண்ணாந்து பார்த்தாள். ஒரு தெரு முழுக்க ஆள் நின்றிருந்தார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நான் மண்டியிட்டு, "லேயா" என்று கூப்பிட்டு, தமிழில் பேச ஆரம்பித்தேன். நான் பேசி முடிக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் மிஷினைப் போடவில்லை.